கேள்வி-பதில்: பழைய ராணுவ ரைஃபிளைத் தூரத்துக்குத் தூரம் ஜீரோ செய்வது

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. பழைய ராணுவ ரைஃபிள் கையில் இருக்கிறது, ரேஞ்சில் வைத்துச் சுடுகிறார்கள், குண்டு சைட் (குறிபார்க்கும் உறுப்பு) காட்டும் இடத்தில் விழுவதில்லை. ஒரு தூரத்தில் சைட் காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்வதைத்தான் ஜீரோ செய்வது என்கிறோம். சொல்ல எனக்கும் நிறைய இருப்பதால் இந்தப் பகுதியை முழுவதுமாக அதற்கே ஒதுக்கிவிட்டேன். முதலில் ஒரு வார்த்தை. வயதான துப்பாக்கியை ஆயுதப் பழுது தெரிந்தவர் ஒருவர் திறந்து பார்த்து, ஹெட்ஸ்பேஸ் (அறையில் உட்கார்ந்த தோட்டாவுக்கும் அதைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி) அளந்து, குழலுக்குள் விளக்கு அடித்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் கீழே எழுதியிருப்பது எதற்கும் பயன்படும்.

ஐயா, என்னிடம் இருப்பது .303 லீ-என்ஃபீல்டு நம்பர் 4. பின் சைட்டில் இரண்டே துளைகள், மடக்கித் திருப்பும் ரகம். 100 கஜத்தில் சுட்டால் குண்டுகள் எல்லாம் ஒன்றாகக் கூடித்தான் விழுகின்றன, ஆனால் குறிக்கு 6, 7 அங்குலம் மேலே. சைட் கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. நல்லபடியாகத்தான் வேலை செய்கிறது. அந்த இரண்டு துளைகளில் ஒன்று 300 கஜத்துக்கு, மற்றது 600 கஜத்துக்கு. 100 கஜத்துக்கென்று அதில் எதுவுமே இல்லை. போர்க்களத்தில் சிப்பாய் தூரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது, 300-ல் வைத்துவிட்டால் அதற்குள் எங்கே ஆள் நின்றாலும் உடம்பின் நடுவைப் பார்த்துச் சுட்டால் படும் என்பதுதான் அதைச் செய்தவர்களின் எண்ணம்.

குண்டு போகிற பாதையை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். இந்த ரைஃபிளுக்கான மார்க் 7 தோட்டாவில் குண்டின் எடை 174 கிரெய்ன் (11 கிராமுக்குச் சற்று மேல்), வேகம் விநாடிக்கு 2440 அடி. சைட் குழலுக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் மேலே இருப்பதால், குண்டு கிளம்பும்போது பார்வைக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. குழல் லேசாக மேல்நோக்கி இருப்பதால் சீக்கிரமே அந்தக் கோட்டைத் தாண்டி ஏறிவிடும். 300 கஜத்தில் குறியைத் தொட வேண்டுமானால், 25 கஜத்திலேயே ஒன்றரை அங்குலம் மேலே இருக்கும். 100 கஜத்தில் 7 அங்குலம். 200-ஐ நெருங்கும்போது எட்டு, எட்டரை. அங்கிருந்து இறங்கி 300-ல் குறிக்கு வந்து சேரும். நீங்கள் எழுதியிருக்கும் 6, 7 அங்குலம் இந்தக் கணக்கில் அப்படியே உட்காருகிறது. அதனால் உங்கள் ரைஃபிளை யாரும் தொந்தரவு செய்யவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது, அதில் எனக்குச் சந்தோஷமும்கூட.

இப்போது என்ன செய்யலாம்? 100 கஜம் மட்டுமே உள்ள ரேஞ்ச் என்றால் நான் சொல்லும் வழி எளிது. மதிப்பெண் வட்டத்துக்கு 7 அங்குலம் கீழே ஒரு கறுப்புப் புள்ளியை ஒட்டுங்கள். அந்தப் புள்ளியைப் பார்த்துச் சுடுங்கள், குண்டு வட்டத்தில் விழும். துப்பாக்கியில் ஒரு திருகைக்கூடத் தொட வேண்டியதில்லை. இது மனதுக்கு ஒப்பவில்லை என்றால், 200 முதல் 1300 கஜம் வரை எண் போட்ட ஏணி சைட்டும் இதே ரைஃபிளுக்கு உண்டு. அதை 200-ல் வைத்தால் 100 கஜத்தில் 3 அங்குலம்தான் மேலே அடிக்கும். வட்டத்தின் அடி விளிம்பில் முன் சைட்டின் முள்ளை நிறுத்திப் பழகினால் அந்த 3 அங்குலம் பெரிய விஷயமே இல்லை.

மூன்றாவது வழி, உயரமான முன் முள். இந்த ரைஃபிளுக்கு முன் முள் 0.015 அங்குல வித்தியாசத்தில் பல உயரங்களில் கிடைக்கும். ஒரு படி உயர்த்தினால் 100 கஜத்தில் குண்டு இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். நான்கு படி போதும். ஆனால் அதன் பிறகு பின் சைட்டில் 300 என்ற எண்ணுக்கு அர்த்தம் இருக்காது. 100-க்கு ஜீரோ ஆன ரைஃபிள் 200-ல் ஐந்தாறு அங்குலமும், 300-ல் ஒன்றேமுக்கால் அடியும் கீழே போடும். நீங்கள் எந்தத் தூரத்தில் அதிகம் சுடுகிறீர்கள் என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

ஜெர்மானிய கெவேர் 98-ல் சைட் 400 மீட்டரில் ஆரம்பிக்கிறதே, அதற்குக் கீழே யாருமே சுடவில்லையா?

சுட்டார்கள், சிரமப்பட்டார்கள். அந்த ரைஃபிள் வந்தபோது தோட்டா வேறு. மொட்டை மூக்குள்ள, கனமான, மெதுவான குண்டு. அதற்கான சைட்டில் 200 இருந்தது. 1903-ல் கூர் மூக்குக் குண்டு வந்தது. எடை ஏறக்குறைய 10 கிராம், வேகமோ விநாடிக்கு 870, 880 மீட்டர். பாதை மிகவும் தட்டையாகிவிட்டதால் 400-க்குக் கீழே தனி எண் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். பதுங்குகுழிகளுக்கு இடையே ஐம்பது, நூறு மீட்டர் மட்டுமே இருந்த முதல் உலகப் போரில் அது தொல்லையானது. பின்னால் வந்த கார்98கே சைட்டில் எண் 100-லிருந்து தொடங்குவதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அமெரிக்கர்களின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டு இதைவிட ஒரு படி மேலே போனது. அதன் மடக்கிய சைட் 547 கஜத்துக்கு, அதாவது 500 மீட்டருக்கு வைக்கப்பட்டது. பாதி வழியில் குண்டு பார்வைக் கோட்டுக்கு இரண்டு அடிக்கும் மேலே பறக்கும். ஸ்பிரிங்ஃபீல்டு வைத்திருக்கும் வாசகர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் 8,00,000-க்குக் கீழும், ராக் ஐலண்டு ஆலையில் 2,85,507-க்குக் கீழும் எண் உள்ளவற்றில் இரும்பைச் சூடேற்றிப் பதப்படுத்தியதில் குறை இருந்ததாகத் தெரியவந்தது. அந்த எண்கள் என்றால் ஜீரோ செய்யும் யோசனையே வேண்டாம், சுவரில் மாட்டி வையுங்கள்.

மோசின்-நாகன்ட் 91/30. உயரம் ஒத்துவருகிறது, ஆனால் 100 மீட்டரில் 10 செ.மீ. வலது பக்கம் போகிறது. குழல் வளைந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் தம்பி. முதலில் ஒரு கேள்வி: முனைக்கத்தி மாட்டிச் சுட்டீர்களா, மாட்டாமலா? அந்த ரைஃபிள் முனைக்கத்தி மாட்டிய நிலையில்தான் ஜீரோ செய்யப்பட்டது, சிப்பாயும் அப்படியேதான் தூக்கிக்கொண்டு நடந்தான். குழலின் நுனியில், ஒரு பக்கமாகத் தொங்கும் அந்த நீள இரும்பைக் கழற்றிவிட்டால் சுடும்போது குழல் அதிர்கிற விதமே மாறிவிடும், குண்டு விழும் இடமும் தள்ளிப்போகும். ரேஞ்சில் அனுமதி இருந்தால் மாட்டி ஒரு ஐந்து குண்டு சுட்டுப் பாருங்கள். குறிக்கு வந்துவிட்டால் விஷயம் தெளிவு.

கழற்றித்தான் சுடப்போகிறீர்கள் என்றால் முன் சைட்டை நகர்த்த வேண்டும். எந்தப் பக்கம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முன் சைட்டைக் குண்டு போகிற பக்கமே தள்ள வேண்டும். வலது பக்கம் போனால் வலது பக்கம். பின் சைட் என்றால் நேர் எதிர், குண்டு எங்கே வர வேண்டுமோ அந்தப் பக்கம். எவ்வளவு என்பதற்கு ஒரே கணக்கு: தவறும் அளவை இரண்டு சைட்டுக்கும் இடையே உள்ள நீளத்தால் பெருக்கி, தூரத்தால் வகுக்க வேண்டும். உங்கள் ரைஃபிளில் அந்த நீளம் 622 மி.மீ. 100 மி.மீ.யை 622-ஆல் பெருக்கி 1,00,000 மி.மீ.யால் வகுத்தால் 0.62 மி.மீ. வருகிறது. ஆறு தாள் கனம், அவ்வளவுதான். சுத்தியலால் ஓங்கி அடித்தால் அதைப் போல மூன்று மடங்கு போய் நிற்கும். திருகுள்ள சைட் நகர்த்தும் கருவி ஒன்றை யாரிடமாவது வாங்கிச் செய்யுங்கள்.

செய்வதற்கு முன் சைட்டின் அடியைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். இந்த மாதிரி ரைஃபிள்கள் பலவற்றில் சைட்டின் அடிப்பாகத்தையும் அது உட்கார்ந்திருக்கும் மேடையையும் சேர்த்து உளியால் ஒரு கோடு வெட்டியிருப்பார்கள். ஆலையில் ஜீரோ செய்து முடித்தவர் போட்ட கோடு அது. அதை அழிக்காதீர்கள், மேலே இன்னொரு கோடும் வெட்டாதீர்கள். புது இடத்தைப் பென்சிலால் குறித்தால் போதும். இரண்டு பாதிக் கோடுகளும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைப் பார்த்தாலே, முன்பு யாராவது கை வைத்திருக்கிறார்களா என்றும் தெரிந்துவிடும்.

ஜார் காலத்து மோசின் ஒன்றில் 400 என்று வைத்தால் 300 மீட்டரில்கூடக் கொஞ்சம் கீழே விழுகிறது. ஏன்?

அந்த 400 மீட்டரில் இல்லை, அர்ஷீன் என்ற பழைய ரஷ்ய நீள அளவில். ஓர் அர்ஷீன் 0.711 மீட்டர். 400 அர்ஷீன் என்றால் 284 மீட்டர். உங்கள் ரைஃபிள் சரியாகவே சுடுகிறது.

எந்தத் தூரத்தில் ஆரம்பிக்க வேண்டும்? நேராக 100-ல் வைத்துச் சுட்டால் தாளிலேயே படவில்லை.

25 கஜத்தில் ஆரம்பியுங்கள். பெரிய தாள் வையுங்கள், ஒரு மீட்டர் உயரம் இருந்தாலும் தப்பில்லை. இந்தத் தூரத்தில் ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும்: 100-ல் குண்டு தாளுக்குள் வருமா, வராதா. பக்கவாட்டில் குறிக்கு நேராகவும், உயரத்தில் குறியிலோ ஓரிரு அங்குலம் மேலேயோ விழுந்தால் 100-க்குப் போகலாம்.

100-ல்தான் உண்மையான வேலை. மணல் மூட்டையின் மேல் மரத்தைத்தான் வைக்க வேண்டும், குழலை வைக்கக் கூடாது. உங்கள் கை மூட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் நின்றோ படுத்தோ சுடும்போது துப்பாக்கி எப்படித் துள்ளுமோ அதற்குக் கிட்டத்தட்ட அப்படியே துள்ளும். ஐந்து குண்டு சுடுங்கள். நடுவில் சைட்டைத் தொடாதீர்கள். இரண்டாவது குண்டு விழுந்ததுமே சைட்டில் கை வைக்கிறவர்களை ரேஞ்சில் நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், சாயங்காலம் வரைக்கும் அவர்களுக்கு ஜீரோ கிடைப்பதில்லை. ஐந்துக்கும் பொதுவான நடுப்புள்ளி எங்கே என்று பாருங்கள், அதைத்தான் நகர்த்த வேண்டும். விசையை இழுக்கும்போதே "இது போச்சு" என்று உங்களுக்குத் தெரிந்த குண்டு இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தெரியாமல் தள்ளிப் போனது என்றால் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

அப்புறம், குழலை ஆற விடுங்கள். நுனி வரை மரம் மூடிய ரைஃபிள்கள் இவை. சூடேறினால் குழல் நீண்டு மரத்தைத் தள்ளும், குண்டுகள் கூடி விழும் இடம் மெல்ல மெல்ல ஏறும் அல்லது ஒரு பக்கமாக நகரும். சூட்டுக் குழலில் கிடைத்த ஜீரோ மறுநாள் காலை முதல் குண்டுக்குப் பொருந்தாது.

பக்கவாட்டை 100-லேயே முடித்துவிடுங்கள், 300-ல் செய்யாதீர்கள். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று .303 குண்டை 100 கஜத்தில் ஓர் அங்குலம்தான் தள்ளும். 300 கஜத்தில் அதே காற்று 8 அங்குலத்துக்குக் குறையாமல் தள்ளும். 300-ல் முன் சைட்டை நகர்த்தினால் அன்றைய காற்றைத்தான் துப்பாக்கியில் பதித்து வைக்கிறீர்கள்.

உயரம் வேறு கதை. 100, 200, 300 என்று ஒவ்வொரு தூரத்துக்கும் போய், சைட்டில் எந்த எண் வைத்தால் குறியில் விழுகிறது என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எந்தத் தோட்டா, என்ன வெளிச்சம், வட்டத்தின் நடுவைப் பார்த்தீர்களா அடியைப் பார்த்தீர்களா, எல்லாவற்றையும் எழுதுங்கள். "200 கஜம், சைட்டில் 250, அடி விளிம்பு, வெயில்" என்று ஒரு வரி போதும். சைட்டில் பொறித்த எண் ஆலையின் தோட்டாவுக்கு எழுதியது, நோட்டில் இருப்பது உங்கள் தோட்டாவுக்கு. எனக்கு இரண்டும் வேண்டும், சுடும்போது நோட்டைத்தான் நம்புவேன்.

என் எஸ்.எம்.எல்.இ. (லீ-என்ஃபீல்டின் நம்பர் 4-க்கு முந்தைய குட்டை வகை) 100-ல் மேலும் கீழுமாகப் பரப்புகிறது. ஆனால் பழைய ஆட்கள் இது தொலைதூரத்தில் நன்றாகச் சுடும் என்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம். லீ-என்ஃபீல்டின் போல்ட் பின்பக்கத்தில்தான் பூட்டிக்கொள்கிறது. சுடும்போது உடல்பாகம் கொஞ்சம் வளைந்து கொடுக்க, குழலின் நுனி மேல்நோக்கி அசைந்துகொண்டிருக்கும். வேகம் குறைந்த குண்டு சற்றுத் தாமதமாக வெளியேறுவதால், அதற்குள் உயர்ந்துவிட்ட நுனி அதைக் கொஞ்சம் மேலே எறியும். வேகம் குறைந்த குண்டு தூரத்தில் அதிகம் இறங்குமல்லவா, அந்த இறக்கத்தை இந்த ஏற்றம் ஈடுசெய்கிறது. இது பலனளிப்பது 800 கஜம் மாதிரியான தூரங்களில்தான், 100-ல் அதே விஷயம் மேலும் கீழுமாகப் பரப்பலாம்.

ஆனால் எல்லாப் பழியையும் அதன்மேல் போட வேண்டாம். முன்பக்க மரத்தையும் பாருங்கள். அதில் குழலைத் தாங்கும் சின்ன ஸ்பிரிங்குகள் இருக்க வேண்டும். மரம் சுருங்கியிருந்தாலோ, யாராவது கழற்றி ஸ்பிரிங்கைத் தொலைத்திருந்தாலோ எந்த சைட் கணக்கும் நிலைக்காது. மரம் சரியாகும் வரை ஜீரோ செய்வதை ஒத்திப்போடுங்கள்.

ராணுவத் தோட்டா தீர்ந்துபோய், இப்போது கடையில் கிடைக்கும் புதுத் தோட்டா. ஜீரோ போய்விட்டது. மறுபடி முதலிலிருந்தா?

ஆமாம், முதலிலிருந்து. .303-ன் கதையைப் பாருங்கள். மார்க் 6 வரை 215 கிரெய்ன் மொட்டைக் குண்டு, விநாடிக்கு ஏறக்குறைய 2050 அடி. 1910-ல் மார்க் 7 வந்ததும் ராணுவமே சைட்டுகளை மாற்ற வேண்டியிருந்தது. எடை, வேகம், மூக்கின் வடிவம் இவற்றில் எது மாறினாலும் சைட்டில் உள்ள எண்கள் பொருந்தாது. 174 கிரெய்னுக்கு நெருங்கிய எடையில், அதே வேகத்தில் தோட்டா தேடினால் பழைய எண்கள் ஓரளவு கைகொடுக்கும்.

இதைவிடப் பெரிய எச்சரிக்கை ஜெர்மானிய ரைஃபிள்களின் 8 மி.மீ. மாசர் தோட்டாவில். 1888 மாடலின் பழைய குழல்களுக்கு .318 அங்குலக் குண்டு, 1903-க்குப் பிந்தைய தோட்டாவில் .323. பெயரளவில் இரண்டும் 8 மி.மீ.தான். பெரிய குண்டைச் சின்னக் குழலில் சுட்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். குழலை அளக்காமல் சுடாதீர்கள். பழைய ராணுவத் தோட்டா இன்னும் மிச்சமிருப்பவர்கள், சுட்டு முடித்த அன்றே குழலை வெந்நீரால் கழுவுங்கள். அதன் பிரைமர் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பாகம்) விட்டுப்போகும் உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். கழுவி, நன்றாகத் துடைத்து, அதன் பிறகு எண்ணெய்.

வயது ஐம்பத்தெட்டு. பின் சைட், முன் சைட், குறி மூன்றில் எதைத் தெளிவாகப் பார்க்க வேண்டும்? எனக்கு மூன்றுமே மங்கல்.

முன் சைட்டை மட்டும். குறி மங்கலாகவே இருக்கட்டும், கெடுதல் இல்லை. ஒன்றரை மி.மீ. அகலமுள்ள முள் கண்ணிலிருந்து 90 செ.மீ. தள்ளி இருந்தால் 100 மீட்டரில் 16, 17 செ.மீ. அகலத்தை மறைக்கும். 300 மீட்டரில் அரை மீட்டர், ஓர் ஆளின் தோளகலம். இவ்வளவு தடிமனான முள்ளை வைத்துக்கொண்டு குறியின் ஓரத்தைத் தெளிவாகப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. முள்ளின் மேல் விளிம்பு கத்தி மாதிரி தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். கண் மருத்துவரிடம் போகும்போது கண்ணுக்கும் முன் சைட்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து சொல்லி, அந்தத் தூரத்துக்கு ஒரு கண்ணாடி கேளுங்கள். பலர் படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள், அதில் முன் சைட் தெளிவாகத் தெரியாது.

வெயிலையும் கவனியுங்கள். வலது பக்கம் சூரியன் இருந்தால் முள்ளின் வலது ஓரம் பளபளக்கும். அந்தப் பளபளப்பையே முள் என்று கண் எடுத்துக்கொண்டு நடுவில் வைக்கும், குண்டு இடது பக்கம் போகும். தேய்ந்து வெளுத்த முள் என்றால் இது இன்னும் மோசம். தோட்டா எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், காலித் துப்பாக்கியில், மெழுகுவத்திப் புகையைக் காட்டி முள்ளைக் கறுப்பாக்கிக்கொண்டால் போதும்.

சிலவற்றில் 2800 கஜம் வரை எண் இருக்கிறதே, அந்தத் தூரத்தில் ஆள் தெரிவானா?

தெரிய மாட்டான். கட்டையின் பக்கவாட்டில் உள்ள தனி சைட் அது. ஒரு பிரிவே சேர்ந்து ஒரே நேரத்தில் சுட்டு, தூரத்தில் கூட்டமாக நிற்கும் படையின் மேல் குண்டு மழை பொழிவதற்காக வைத்தது. முதல் உலகப் போரின் நடுவிலேயே புது ரைஃபிள்களில் அதை விட்டுவிட்டார்கள். உங்களுடையதில் அது முழுசாக இருந்தால் பத்திரப்படுத்துங்கள், பெரும்பாலானவற்றில் பாதிதான் மிஞ்சியிருக்கிறது.

மாமா விட்டுப்போன கார்98கே, உரிமம் இப்போது என் பெயரில். 100 மீட்டரில் 30 செ.மீ. மேலே அடிக்கிறது. ரேஞ்சில் ஒரு நண்பர் முன் சைட்டைக் கொஞ்சம் அராவித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் அம்மா. முன் சைட்டைத் தேய்த்தால் குண்டு இன்னும் மேலே போகும். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் கணக்கு தலைகீழ். உங்கள் ரைஃபிளுக்கு உயரமான முள் வேண்டும். இரண்டு சைட்டுக்கும் இடையே ஏறக்குறைய 500 மி.மீ. 300-ஐ 500-ஆல் பெருக்கி 1,00,000-ஆல் வகுத்தால் 1.5 மி.மீ. இப்போதுள்ள முள்ளைவிட அவ்வளவு உயரம் வேண்டும்.

அதற்கு முன் பின் சைட்டின் நகரும் பட்டை நிஜமாகவே 100-ல் நிற்கிறதா என்று பாருங்கள், பூட்டு தேய்ந்திருந்தால் துள்ளலில் ஏறிவிடும். அது சரியாக இருந்தால், முள்ளின் தலையை ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஆலையில் செய்த முள் என்றால் இரண்டு பக்கச் சரிவும் ஒழுங்காக மேலே கூடும். தலை தட்டையாகவோ குறுக்குக் கீறலோடோ இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ அரம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். 100 மீட்டரில் 30 செ.மீ. என்பதால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் இருக்கிறது.

அதே வகை முள்ளில் 2 மி.மீ. அதிக உயரமுள்ள புது முள் ஒன்றை வாங்கி மாட்டச் சொல்லுங்கள். பழையதைத் தூக்கி எறியாமல் ரைஃபிளின் எண்ணை எழுதி ஓர் உறையில் போட்டு வையுங்கள். புது முள்ளில் குண்டு குறிக்குப் பத்து செ.மீ. கீழே விழும், அப்படித்தான் விழ வேண்டும். இப்போது உங்கள் நண்பரை அரத்தோடு கூப்பிடலாம். முள்ளின் தலையில் பத்தில் ஒரு மி.மீ. தேய்த்தால் 100 மீட்டரில் 2 செ.மீ. ஏறும். இரண்டு இழுப்பு இழுத்து, ஐந்து குண்டு சுட்டு, மறுபடி இரண்டு இழுப்பு என்று போகட்டும். குறிக்கு இரண்டு விரல் கீழே வந்ததும் நிறுத்திவிட்டு இன்னொரு நாள், ஆறிய குழலில், வேறு வெளிச்சத்தில் சுட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்தை முடிக்கச் சொல்லுங்கள்.